ராக்கி ஹாரர் பிக்சர் ஷோ: வீட்டு வீடியோ வெளியீட்டின் வரலாறு

த ராக்கி ஹாரர் பிக்சர் ஷோ என்பது 1975ஆம் ஆண்டில் வெளிவந்த இசை நகைச்சுவைத் திரைப்படம். பழைய அறிவியல் புனைவுப் படங்களையும் திகில் படங்களையும் கேலி செய்தபடியே அவற்றுக்கு மரியாதையும் செலுத்தும் படம் இது. ஜிம் ஷார்மன் இயக்கிய இப்படத்தை இருபதாம் நூற்றாண்டு ஃபாக்ஸ் நிறுவனம் வெளியிட்டது. முதல் வெளியீட்டில் தோல்வியடைந்த இப்படம், அடுத்த ஆண்டு முதல் நள்ளிரவுக் காட்சிகளில் ஓடத் தொடங்கி இன்றுவரை திரையரங்குகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. உலகிலேயே மிக நீண்ட காலம் திரையரங்கில் ஓடும் படமாக இது கருதப்படுகிறது.

இப்படம் வீட்டு வீடியோவாக வந்த கதை தனியே கவனிக்கத்தக்கது. ஹாலிவுட்டின் பெரிய நிறுவனங்களில் தன் படங்களை முதன்முதலில் வீடியோ கேசட்டாக விற்க அனுமதித்தது ஃபாக்ஸ்தான். அது நடந்தது 1977இல். ஆனால் ராக்கி ஹாரர் மட்டும் அமெரிக்கக் கடைகளுக்கு 1990 நவம்பர் 8 அன்றுதான் வந்தது. இடைப்பட்ட 13 ஆண்டுகள் அந்நிறுவனம் இப்படத்தை வீடுகளுக்கு அனுப்பாமல் வைத்திருந்தது. வீட்டில் பார்க்கக் கிடைத்துவிட்டால் திரையரங்குக்கு யார் வருவார்கள் என்பதே அதன் பின்னால் இருந்த கேள்வி. அந்தக் கேள்விக்குக் கிடைத்த விடை எவரும் அஞ்சியபடி அமையவில்லை.

படமும் அதன் பின்னணியும்

இங்கிலாந்தில் பிறந்து நியூசிலாந்தில் வளர்ந்த ரிச்சர்ட் ஓ'பிரையன் எழுதி இசையமைத்த மேடை நாடகமே இப்படத்தின் மூலம். நாடகம் 1973 ஜூன் மாதம் லண்டன் ராயல் கோர்ட் அரங்கின் மாடியில், சுமார் 60 பேர் மட்டுமே அமரக்கூடிய சிறிய அறையில் தொடங்கியது. வரவேற்பு பெருகியதால் பெரிய அரங்குகளுக்கு மாறியது. அமெரிக்க இசைத் தயாரிப்பாளர் லூ ஆட்லர் அதை லாஸ் ஏஞ்சலஸ் நகருக்குக் கொண்டுசென்றார். அங்கும் வெற்றி கிட்டியது. 1975இல் நியூயார்க்கின் பிராட்வே மேடையில் மட்டும் 45 காட்சிகளோடு நின்றுபோனது.

சுமார் 14 லட்சம் டாலர் செலவில் இங்கிலாந்தில் படப்பிடிப்பு நடந்தது. ஹேமர் நிறுவனத்தின் திகில் படங்கள் உருவான பிரே ஸ்டூடியோவும் அதன் அருகிலுள்ள ஓக்லி கோர்ட் மாளிகையும் களங்களாக இருந்தன.

கதை எளிமையானது. புதிதாக நிச்சயதார்த்தம் செய்துகொண்ட பிராட், ஜேனட் என்னும் இளம் இணையரின் கார் மழை இரவில் சக்கரம் பழுதாகி நின்றுவிடுகிறது. தொலைபேசி தேடி அருகிலுள்ள மாளிகைக்குப் போகிறார்கள். அங்கே டாக்டர் ஃபிராங்க்-என்-ஃபர்ட்டர் என்னும் அறிவியலாளர், பெண்களின் உள்ளாடையும் உயர்குதிகால் காலணியும் முகப்பூச்சும் அணிந்தபடி, தன் விருப்பத்துக்கேற்ற அழகான ஆண் ஒருவனை ஆய்வகத்தில் உருவாக்குகிறார். அவனே ராக்கி. ஃபிராங்கும் அவரது பணியாளர்களும் வேற்றுக் கோளிலிருந்து வந்தவர்கள் என்பது பின்னர் தெரிகிறது. டிம் கரி ஃபிராங்காகவும், சூசன் சரண்டன் ஜேனட்டாகவும், பேரி போஸ்ட்விக் பிராடாகவும், ஓ'பிரையன் பணியாள் ரிஃப் ராஃபாகவும் நடித்தனர்.

வேண்டுமென்றே மிகைப்படுத்திய நடிப்பு, பளபளப்பான அலங்காரம், மோசமான ரசனை என்று பிறர் ஒதுக்குவதை ஆர்வத்தோடு எடுத்தாளுதல் ஆகியவற்றைக் கொண்ட பாணியை ஆங்கில உலகில் 'கேம்ப்' என்பர். அமெரிக்க எழுத்தாளர் சூசன் சான்டாக் 1964இல் எழுதிய கட்டுரை இச்சொல்லைப் பரவலாக்கியது. ராக்கி ஹாரர் இப்பாணியின் முதன்மையான எடுத்துக்காட்டுகளுள் ஒன்று.

தோல்வியும் நள்ளிரவு மறுவாழ்வும்

படம் 1975 ஆகஸ்ட் 14 அன்று லண்டனிலும் செப்டம்பர் 26 அன்று லாஸ் ஏஞ்சலஸின் வெஸ்ட்வுட் பகுதியிலும் வெளியானது. வெஸ்ட்வுட்டில் கூட்டம் வந்தது. மற்ற ஊர்களில் வரவில்லை. நியூயார்க்கில் திட்டமிட்டிருந்த திறப்பு விழாவையும் நிறுவனம் கைவிட்டது.

எனினும் வெஸ்ட்வுட் அரங்கில் ஒரே முகங்கள் திரும்பத் திரும்பத் தென்பட்டன. இதைக் கவனித்த ஃபாக்ஸ் அதிகாரி டிம் டீகன், படத்தை நள்ளிரவில் ஓட்டிப் பார்க்கலாம் என்றார். அக்காலத்தில் நியூயார்க்கில் நள்ளிரவுக் காட்சி ஒரு தனி வழக்கமாக வளர்ந்திருந்தது. அலெக்சாந்த்ரோ ஹொடரோவ்ஸ்கியின் எல் டோப்போ 1970 இறுதியில் எல்ஜின் அரங்கில் அவ்வாறு ஓடத் தொடங்கிப் புகழ்பெற்றது. 1976 ஏப்ரலில் கிரீன்விச் வில்லேஜ் பகுதியிலுள்ள வேவர்லி அரங்கில் ராக்கி ஹாரரின் நள்ளிரவுக் காட்சிகள் தொடங்கின.

இடமும் பொருத்தமாக இருந்தது. தற்பாலீர்ப்பினர் உரிமை இயக்கத்துக்குத் திருப்புமுனையான 1969ஆம் ஆண்டின் ஸ்டோன்வால் எழுச்சி நிகழ்ந்தது இதே கிரீன்விச் வில்லேஜில்தான். வீட்டிலும் பள்ளியிலும் பொருந்த முடியாமல் தவித்த இளைஞர்கள், விரும்பிய உடையில் வந்து அமரக்கூடிய இடமாக அந்த அரங்கு மாறியது.

மழையில் ஜேனட் செய்தித்தாளைத் தலைக்கு மேல் பிடித்து நடக்கும் காட்சியில், ஒரு குடை வாங்கினால் என்ன என்று ரசிகர் ஒருவர் திரையைப் பார்த்துக் கத்தியதே எதிர்க்குரல் வழக்கத்தின் தொடக்கங்களுள் ஒன்று என்பர். விரைவில் வசனங்களுக்கு இடையிலுள்ள ஒவ்வோர் இடைவெளிக்கும் ஒரு பதில் உருவானது. திருமணக் காட்சியில் அரிசி வீசுவது, மழைக் காட்சியில் தண்ணீர்த் துப்பாக்கி பீய்ச்சுவது, ஃபிராங்க் விருந்தில் 'டோஸ்ட்' சொல்லும்போது வறுத்த ரொட்டித் துண்டுகளை எறிவது என்று சடங்குகள் சேர்ந்தன. அடுத்த கட்டமாக, ரசிகர்களே பாத்திரங்களைப் போல உடையணிந்து திரைக்கு முன்னால் நின்று படத்தோடு சேர்ந்து நடித்தனர். இவர்கள் நிழல் நடிகர் குழு எனப்பட்டனர். முதல் முறை வருபவரின் முகத்தில் உதட்டுச் சாயத்தால் அடையாளம் இட்டு வரவேற்கும் வழக்கமும் உண்டானது. 1977இல் உருவான ரசிகர் மன்றத்துக்கு சால் பைரோ தலைவரானார்.

நிறுவனம் இவற்றில் எதையும் திட்டமிடவில்லை. இதற்குச் சான்று 1981இல் ஷார்மனும் ஓ'பிரையனும் எடுத்த ஷாக் ட்ரீட்மென்ட். நள்ளிரவு ரசிகர்களை நம்பி வெளியிடப்பட்ட அப்படம் அவர்களிடமே எடுபடவில்லை.

வீடியோ யுகத்தின் வருகை

ராக்கி ஹாரர் வெளியான 1975ஆம் ஆண்டில்தான் சோனி நிறுவனம் பீட்டாமேக்ஸ் கருவியை அறிமுகப்படுத்தியது. அதன் போட்டியாளரான ஜேவிசியின் விஎச்எஸ் மறு ஆண்டு ஜப்பானில் வந்தது. 1977இல் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஆந்த்ரே பிளே என்பவரின் மேக்னடிக் வீடியோ நிறுவனம், ஃபாக்ஸின் 50 படங்களை கேசட்டில் விற்கும் உரிமையைப் பெற்றது. த சவுண்ட் ஆஃப் மியூசிக், பேட்டன் போன்றவை அப்பட்டியலில் இருந்தன. 1979இல் ஃபாக்ஸ் அந்நிறுவனத்தையே விலைக்கு வாங்கிக்கொண்டது. 1982இல் சிபிஎஸ் நிறுவனத்துடன் இணைந்து சிபிஎஸ்/ஃபாக்ஸ் வீடியோ உருவானது.

மற்ற நிறுவனங்கள் இதே காலத்தில் வீடியோவை எதிர்த்து வழக்காடிக்கொண்டிருந்தன. யுனிவர்சல், டிஸ்னி ஆகியவை சோனிமீது தொடுத்த வழக்கில், தனிப்பட்ட பயன்பாட்டுக்குத் தொலைக்காட்சி நிகழ்ச்சியை வீட்டில் பதிவு செய்வது குற்றமன்று என அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1984 ஜனவரி 17 அன்று தீர்ப்பளித்தது. அதற்குள் வீடியோ வாடகைக் கடைகள் தெருவுக்குத் தெரு முளைத்துவிட்டன.

இதனால் முதலில் பாதிக்கப்பட்டவை நள்ளிரவுக் காட்சிகள். பழைய படங்களையும் விசித்திரமான படங்களையும் பார்க்க நள்ளிரவில் வெளியே போகவேண்டிய தேவை குறைந்தது. கேசட்டை வாடகைக்கு எடுத்து நினைத்த நேரத்தில் பார்க்கலாம் என்றானபின், 1980களில் பல ஊர்களில் நள்ளிரவுக் காட்சிகள் மெல்ல மறைந்தன. தனித்திரை அரங்குகள் பல மூடப்பட்டன. ராக்கி ஹாரர் மட்டும் வாரந்தோறும் ஓடியது. காரணங்களுள் ஒன்று வெளிப்படையானது: அமெரிக்காவில் அதை வேறு எங்கும் சட்டப்படி பார்க்க முடியாது.

காத்திருந்த ஆண்டுகள்

வீட்டில் படத்தை வைத்துக்கொள்ள விரும்பிய ரசிகருக்கு அக்காலத்தில் கிடைத்தவை துண்டுகளே. தேர்ந்தெடுத்த சில காட்சிகள் சூப்பர் 8 படச்சுருளாக விற்கப்பட்டன. பாடல்கள் இசைத்தட்டாகக் கிடைத்தன. 1983இல் லூ ஆட்லரின் ஓட் நிறுவனம் வேறொரு இசைத்தட்டை வெளியிட்டது. நியூயார்க்கின் 8ஆம் தெரு பிளேஹவுஸ் அரங்கில் பதிவான அதில், படத்தின் ஒலியும் அரங்கிலிருந்தவர்கள் கத்திய எதிர்க்குரல்களும் சேர்ந்தே ஒலித்தன. படம் கைக்கு எட்டாதபோதே அதன் பார்வையாளர்கள் விற்பனைக்கு வந்துவிட்டனர் என்பது இதில் வேடிக்கை.

1987இல் பிரிட்டனில் படம் வீடியோவாக வெளியானது. ஆனால் அந்தக் கேசட் அமெரிக்கருக்கு எளிதில் பயன்படாது. பிரிட்டனின் தொலைக்காட்சி முறை பால் எனப்படுவது. அது ஒரு படச்சட்டத்துக்கு 625 வரிகளும் விநாடிக்கு 25 சட்டங்களும் கொண்டது. அமெரிக்காவின் என்டிஎஸ்சி முறையில் 525 வரிகள், விநாடிக்கு ஏறக்குறைய 30 சட்டங்கள். கேசட்டின் உருவம் ஒன்றாக இருந்தாலும் ஒன்றின் நாடா மற்றதன் சாதாரணக் கருவியில் ஓடாது. கடலுக்கு அப்பால் வெளியான படம் அமெரிக்காவில் அரிதாகவே நீடித்ததற்கு இந்தத் தொழில்நுட்ப வேலியும் துணைநின்றது.

இந்த அரிய நிலைக்குப் பண்பாட்டு விளைவு ஒன்றும் இருந்தது. படத்தை மனப்பாடம் செய்ய ஒரே வழி மீண்டும் மீண்டும் அரங்குக்குப் போவது. எந்த வசனத்துக்கு எந்தப் பதில், எந்தக் காட்சிக்கு எந்தப் பொருள் என்பதை மூத்த ரசிகரிடமிருந்து புதியவர் காதால் கேட்டே கற்றார். அதனால் ஊருக்கு ஊர் எதிர்க்குரல்கள் வேறுபட்டன. அச்சேறாத நாட்டார் பாடலைப் போல அவை வாய்வழியாகவே வளர்ந்தன, மாறின, சில மறைந்தும் போயின.

மறுபக்கமும் உண்டு. பெருநகரங்களிலும் கல்லூரி நகரங்களிலும் வசித்தவர்களுக்கே நள்ளிரவுக் காட்சி எட்டியது. இரவில் வெளியே விடப்படாத பதின்ம வயதினருக்கும் சிற்றூரில் வாழ்ந்தோருக்கும் படம் வெறும் கேள்விப்பட்ட செய்தி. தம்மைப் போன்றவர்களைத் திரையில் காணவேண்டிய தேவை பெரும்பாலும் இவர்களுக்கே அதிகம் இருந்தது.

1990ஆம் ஆண்டு வெளியீடு

படத்தின் 15ஆம் ஆண்டு நிறைவையொட்டி 1990 நவம்பர் 8 அன்று அமெரிக்காவில் விஎச்எஸ் கேசட் வெளியானது. ஆவணக் காட்சிகளும் கூடுதலாக இணைக்கப்பட்டிருந்தன. விலை 89.95 டாலர்.

இவ்விலையைப் புரிந்துகொள்ள அக்கால வீடியோ வணிகத்தை அறிய வேண்டும். அமெரிக்கச் சட்டப்படி ஒரு கேசட்டை விலைக்கு வாங்கியவர் அதை எத்தனை பேருக்கும் வாடகைக்கு விடலாம். தயாரிப்பு நிறுவனத்துக்கு அதில் பங்கு தரவேண்டியதில்லை. அதனால் நிறுவனங்கள் பெரும்பாலான படங்களுக்கு 80 முதல் 100 டாலர் வரை விலை வைத்து, வருமானத்தை முதல் விற்பனையிலேயே எடுத்துக்கொண்டன. இது வாடகைக் கடைகளுக்கான விலை. வீடுகளில் பெருமளவில் விற்பனையாகும் என நம்பிய படங்களுக்கு மட்டும் 20 முதல் 30 டாலருக்குள் விலை வைத்தன. 1988இல் வெளியான ஈ.டி. கேசட்டின் விலை 24.95 டாலர். ராக்கி ஹாரருக்கு வைத்த விலை, அது கடைகளின் வழியாகவே பெரும்பாலோரைச் சென்றடையும் என்பதைக் காட்டியது. தனக்கென்று ஒன்று வேண்டிய ரசிகர் அந்த விலையைக் கொடுத்தாக வேண்டும்.

வெளியீட்டுக்குப் பின்

வீடியோ வந்தபின்னும் நள்ளிரவுக் காட்சிகள் நிற்கவில்லை. ஜெர்மனியின் மியூனிக் நகரில் மியூசியம் லிக்ட்ஷ்பீலே அரங்கில் 1977 முதல் ஓடிவந்த படம் தொடர்ந்து ஓடியது. அமெரிக்காவில் மில்வாக்கியின் ஓரியண்டல் அரங்கிலும் போர்ட்லண்டின் கிளின்டன் தெரு அரங்கிலும் 1978 முதல் நடந்துவந்த காட்சிகளும் அவ்வாறே தொடர்ந்தன. சில அரங்குகள் மூடப்பட்டன என்பதும் உண்மை. 8ஆம் தெரு பிளேஹவுஸ் 1992இல் மூடப்பட்டது. ஆனால் அது அக்காலத்துத் தனித்திரை அரங்குகள் பலவற்றுக்கும் நேர்ந்த கதி.

காரணத்தை இரு அனுபவங்களையும் ஒப்பிட்டால் அறியலாம். ராக்கி ஹாரரைத் தனியே வீட்டில் பார்ப்பவர் காண்பது குறையுள்ள ஒரு படம். பிற்பாதி தளர்கிறது. வசனங்களுக்கு நடுவே விளங்காத மௌனங்கள் வருகின்றன. அந்த மௌனங்களில்தான் அரங்கினர் குரல் கொடுப்பர். கேசட்டில் திரை மட்டும் இருந்தது. திரைக்கும் இருக்கைக்கும் நடுவே நடந்ததை நாடாவில் அடைக்க முடியவில்லை. எனவே கேசட் அரங்குக்குப் போட்டியாக நிற்காமல் பாடநூலாகப் பயன்பட்டது. நிழல் நடிகர்கள் காட்சியை நிறுத்தி, திருப்பிப் போட்டு, அசைவையும் உடையின் தையலையும் துல்லியமாகக் கற்க முடிந்தது. வாடகைக் கடையில் படத்தை முதலில் சந்தித்த சிற்றூர் இளைஞர், அருகில் எங்கே நள்ளிரவுக் காட்சி நடக்கிறது என்று தேடிப் போகவும் முடிந்தது.

இழப்பும் இல்லாமலில்லை. எதுவும் அறியாமல் அரங்குக்குள் நுழைந்து திகைக்கும் அனுபவம் அருகியது. காதால் கற்ற மரபு, திருத்தமான மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பயிற்சியாக ஓரளவு மாறியது.

அரங்கைத் திரைக்குள் கொண்டுவரும் முயற்சிகள்

பிந்தைய வெளியீடுகள் இந்தக் குறையை நிரப்பவே முயன்றன. 1993 அக்டோபர் 25 அன்று ஃபாக்ஸ் தொலைக்காட்சி படத்தை முதன்முதலாக ஒளிபரப்பியபோது, நடுநடுவே ரசிகர்களின் பங்கேற்பும் இணைத்துக் காட்டப்பட்டது.

25ஆம் ஆண்டையொட்டி 2000இல் வெளியான டிவிடி இன்னும் முன்னேறியது. டிவிடியில் ஒரே படத்துக்குப் பல ஒலித்தடங்களும் கிளைக்காட்சிகளும் வைக்க முடியும். ஒரு தடத்தில் அரங்கினரின் எதிர்க்குரல்கள் ஒலித்தன. மற்றொன்றில் ஓ'பிரையனும், மெஜந்தாவாக நடித்த பட்ரீஷியா குவின்னும் படத்தைப் பற்றி உரையாடினர். எந்த இடத்தில் எந்தப் பொருளை எறிய வேண்டும் என்று குறிப்புத் தரும் வசதியும் இருந்தது. அமெரிக்க வெளியீட்டில் வெட்டப்பட்ட 'சூப்பர் ஹீரோஸ்' பாடல் அடங்கிய பிரிட்டன் வடிவமும் சேர்க்கப்பட்டது. படத்தின் தொடக்கப் பகுதியைக் கறுப்பு வெள்ளையில் காட்டிப் பின்னர் வண்ணத்துக்கு மாறுவது படக்குழுவின் பழைய எண்ணம். படப்பிடிப்புக் காலத்தில் கைவிடப்பட்ட அந்த வடிவம் டிவிடியில் மறைத்து வைக்கப்பட்ட தெரிவாக இடம்பெற்றது.

2010 அக்டோபர் 19 அன்று வந்த புளூ-ரே வட்டுக்கு அசல் நெகட்டிவிலிருந்து புதிய படமாற்றம் செய்யப்பட்டது. 7.1 ஒலியமைப்போடு பழைய ஒற்றைத்தட ஒலியும் பேணப்பட்டது. சேர்ந்து பாடுவதற்கான கரோக்கே வசதியும், ரசிகர்கள் நடித்த முழு வடிவமும் கூடுதலாக வந்தன. 1983இன் இசைத்தட்டு தொடங்கிவைத்த பழக்கம் இங்கே நிறைவு பெற்றது எனலாம். பார்வையாளர்கள் இப்போது படத்தின் அதிகாரப்பூர்வப் பகுதியாகிவிட்டனர். 50ஆம் ஆண்டான 2025இல் 4கே தரத்தில் மீட்டெடுத்த வடிவம் வெளியானது.

மரபும் மதிப்பீடும்

2005இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், பாதுகாக்கப்பட வேண்டிய தேசியத் திரைப்படங்களின் பதிவேட்டில் ராக்கி ஹாரரைச் சேர்த்தது. படத்தின் மொத்தத் திரையரங்கு வருவாய் 10 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. அதில் மிகப் பெரும்பகுதி நள்ளிரவுக் காட்சிகளால் வந்தது.

படம் இன்று விமர்சனமின்றிக் கொண்டாடப்படுகிறது என்று கொள்ளக்கூடாது. பாலினம் குறித்து அது பயன்படுத்தும் சொற்கள் பல இன்று திருநர்களால் ஏற்கப்படுவதில்லை. ஃபிராங்க் ஆள்மாறாட்டம் செய்து பிராடையும் ஜேனட்டையும் வசப்படுத்தும் காட்சிகள், ஒப்புதல் பற்றிய இன்றைய புரிதலின்படி கடுமையாக விமர்சிக்கப்படுகின்றன. ஆயினும் தம்மை வெளிப்படுத்திக்கொள்ள வேறு இடமில்லாத காலத்தில் இக்காட்சிகளே தமக்கு இடம் தந்தன என்று நினைவுகூர்பவர்களும் பலர்.

2019 மார்ச்சில் டிஸ்னி நிறுவனம் ஃபாக்ஸின் திரைப்படப் பிரிவை வாங்கியது. அதன்பின் ஃபாக்ஸின் பழைய படங்கள் பலவற்றைச் சிறு அரங்குகளுக்குத் தருவது நிறுத்தப்பட்டதாகச் செய்திகள் வந்தன. அதில் விதிவிலக்குப் பெற்ற படம் ராக்கி ஹாரர். 2020இல் கொரோனா பெருந்தொற்றால் அரங்குகள் மூடப்பட்டபோது, போர்ட்லண்டின் கிளின்டன் தெரு அரங்கில் ஊழியர் ஒருவர் வெற்று இருக்கைகளின் முன் சனிக்கிழமைதோறும் படத்தை ஓட்டினார். படம் அப்போது டிவிடியிலும் புளூ-ரேயிலும் எளிதாகக் கிடைத்துக்கொண்டிருந்தது. அவர் காத்தது 1978 முதல் அறுபடாமல் வந்த வாராந்தரக் காட்சிகளின் தொடர்ச்சியை. அரங்கு மீண்டும் திறந்ததும் ரசிகர்கள் அதே சனிக்கிழமைக் காட்சிக்குத் திரும்பினர்.